சிறுவர் மன்றத்தில் தோல் வேலை: முதல் வகுப்புக்கு ஒரு சாவிப்பட்டை

முதல் வகுப்பிலேயே பர்ஸ், பெல்ட் என்று இறங்க வேண்டாம். ஒரே அமர்வில் முடித்து, பிள்ளைகள் கையோடு எடுத்துப் போகிற பொருள்தான் சரி. சாவி வளையம் மாட்டும் பட்டை அதற்குத் தோதானது. எட்டு வயதிலிருந்து செய்யலாம். நான்கைந்து பேருக்கு ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தோல்

மரப்பட்டைச் சாறு போன்றவற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தடிமன் 2 மி.மீ. போதும். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஆனால் அச்சு (தட்டி உருவம் பதிக்கும் உலோகக் கருவி) பதியாது. வெட்டிய விளிம்பு நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் குரோம்தான்.

முந்தைய நாள்

வெட்டுவதும் துளையிடுவதும் உங்கள் வேலை. கூர்க்கத்தியை இந்த வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. 2.5 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளத்தில் பட்டைகளை நறுக்குங்கள். மடிப்பை அழுத்தாமல் பாதியாக வளைத்து, கிளிப் போட்டு, மடிப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி, அகலவாக்கில் 4 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள் போடுங்கள். இரண்டு பாதியையும் சேர்த்தே துளைத்தால்தான் துளைகள் நேராகப் பொருந்தும். கழிவுத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பழகுவதற்கு உதவும்.

நனைத்தல்

பாதித் தோல்விகளுக்கு இதுதான் காரணம். ஈர ஸ்பாஞ்சால் மேல்புறம் முழுக்க ஒரே சீராகத் துடைக்க வேண்டும். முக்கி எடுக்கக் கூடாது. உடனே அச்சு அடித்தால் உருவம் மழுங்கிவிடும். நனைந்து கறுத்த நிறம் மெல்ல வெளுத்து, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கிற நேரம்தான் பதம். அதுவரை பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. கழிவுத் துண்டில் அடித்துப் பழகச் சொல்லுங்கள். இரும்பு ஆணி, கத்தரிக்கோலை ஈரத்தோலின் மேல் வைக்க விடாதீர்கள். தோலிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருங்கறை பிடிக்கும், அது லேசில் போகாது.

அச்சு

பட்டையை வழவழப்பான கல் பலகையில் விரித்து வையுங்கள். பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் குறையும். இரும்புச் சுத்தி அச்சின் தலையை நசுக்கிவிடும், அதனால் கொட்டாப்புளிதான் (மரச் சுத்தி). அச்சை நிமிர்த்திப் பிடித்து, ஓங்கி ஒரே அடி. இரண்டாவது அடியில் அச்சு நகர்ந்து உருவம் இரட்டையாகிவிடும். எழுத்து அடிப்பவர்கள் கவனிக்க: இரண்டு பாதியிலும் எழுத்தின் தலை மடிப்பைப் பார்த்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் மடித்த பிறகு ஒரு பக்கம் தலைகீழாகத் தொங்கும்.

தையல்

ஈரம் இருக்கும்போதே வளையத்தை மாட்டி மடித்துவிடுங்கள். காய்ந்த தோல் மடிப்பில் வெடிக்கக்கூடும். மெழுகு நூலின் இரு முனையிலும் மொட்டை ஊசி (முனை மழுங்கியது) ஒவ்வொன்று. முதல் துளையில் நூலை நுழைத்து, இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். அடுத்த துளைகளில் இடது ஊசி போன வழியிலேயே வலது ஊசி எதிர்ப்பக்கமாக வர வேண்டும், முதல் நூலைக் குத்தாமல். கடைசியில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, ஒட்ட வெட்டினால் போதும், முடிச்சு தேவையில்லை. பாலியஸ்டர் நூலென்றால் முனையை உருக்குவது பெரியவர் வேலை.

சாயம் அடுத்த வகுப்புக்கு இருக்கட்டும். இந்தத் தோல் வெயிலும் கையின் எண்ணெய்ப் பசையும் பட்டுத் தானாகவே நிறம் ஏறும்.