முடிவு தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்: த்ரில்லர் ரீமேக் சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய த்ரில்லர் ஒன்றை மறுபடி எடுத்து வெளியிட்டால், முதல் காட்சி முடிந்த கையோடு இரண்டு கட்சிகள் தயாராகிவிடும். "நல்ல படத்தைக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்று ஒன்று. "விறுவிறுன்னு போச்சே, இதுல என்ன குறை?" என்று இன்னொன்று. காதல் படத்தின் ரீமேக்குக்கு இவ்வளவு காரசாரம் வருவதில்லை. காதலர்கள் கடைசியில் சேர்வார்கள் என்று தெரிந்தாலும் பார்க்கலாம். த்ரில்லரில் பாதிச் சரக்கு நமக்குத் தெரியாத ஒன்றில் இருக்கிறது. அது ஒருமுறைதான் தெரியாமல் இருக்கும். ஆகவே மூலப்படத்தைப் பார்த்தவரும் பார்க்காதவரும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் பார்ப்பது வேறு வேறு படம். இதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் சண்டை முடிவதே இல்லை.

எதை முதலில் பார்த்தீர்கள் என்று கேட்காமல் இருப்பது

என் கணக்கில் இதுதான் தலையாய தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

'இன்சோம்னியா' என்று 1997-இல் ஒரு நார்வே படம் வந்தது. அதை 2002-இல் கிறிஸ்டோபர் நோலன், அல் பசினோவை வைத்து அலாஸ்காவில் நடப்பதாக எடுத்தார். சூரியன் மறையாத ஊருக்குக் கொலை வழக்கை விசாரிக்க வருகிற போலீஸ்காரர், மூடுபனியில் தன் கூட்டாளியையே சுட்டுவிட்டு அதை மறைக்கிறார். இரண்டுக்கும் அடிப்படைக் கதை இதுதான். நான் நோலன் படத்தை முதலில் பார்த்தேன். பிறகு நார்வே படத்தைப் பார்த்தபோது எனக்குச் சப்பென்றிருந்தது. நாயகன்மேல் ஒட்டுதலே வரவில்லை. நண்பர் ஒருவர் பார்த்தது நேர் எதிர் வரிசையில். நோலன் படம் பல் பிடுங்கிய பாம்பு என்றார். நானும் விடவில்லை. நடிப்பு, ஒளிப்பதிவு, வேகம் என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில்தான் உறைத்தது: இருவருமே முதலில் பார்த்ததற்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதிர்ச்சி எங்கே கிடைத்ததோ அந்தப் படமே 'நல்ல படம்' ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் யாராவது ஒரு ரீமேக்கைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். பாதி நேரம் அதோடு சண்டை முடிந்துவிடும். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

நினைவில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுவது

புதுப் படத்தை நேற்று பார்த்திருப்போம். பழையதைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருக்கும். இந்த இருபது வருடத்தில் நம் மனசு அந்தப் படத்தை நன்றாகவே எடிட் செய்து வைத்திருக்கும். தொய்வான இடங்கள் காணாமல் போயிருக்கும், நல்ல காட்சிகள் நீண்டிருக்கும்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) வரும் குளியலறைக் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக அதில் சிவப்பு ரத்தத்தைப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். படமே கறுப்பு வெள்ளை. ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி உடம்பில் இறங்கி இறங்கி வெளிவருவதைப் பார்த்ததாகவும் சத்தியம் செய்திருப்பேன். ஒரு நிமிடம்கூடத் தாண்டாத அந்தக் காட்சியில் நம்மைக் குத்துவதெல்லாம் சடசடவென்று மாறும் ஷாட்டுகளும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களும்தான். இப்படி நானே வண்ணம் பூசி வைத்திருக்கும் ஒரு படத்தோடு எந்த ரீமேக் போட்டி போட முடியும்?

'சந்திரமுகி' (2005) பற்றிய பேச்சிலும் இதைப் பார்க்கலாம். "மணிச்சித்திரத்தாழு எவ்வளவு சீரியஸ் படம், இங்கே வந்து காமெடி ஆக்கிட்டாங்க" என்பார்கள். ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழு'வை (1993) மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னசென்ட்டும் பப்புவும் முதல் பாதியில் அடிக்கிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஷோபனாவின் கண்கள் மனதில் நின்றதால் மற்றது மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். 'சந்திரமுகி'யில் நாயகனுக்காகச் சேர்த்த சண்டையையும் பாட்டையும் பற்றிக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். காமெடியைப் புகுத்தினார்கள் என்பது மட்டும் செல்லாது.

தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூலப்படத்தை ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது. நேரம் இல்லையா, "எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில்" என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

மாற்றங்களை எண்ணிக் கணக்குப் போடுவது

"இதை மாற்றிவிட்டார்கள், அதை எடுத்துவிட்டார்கள்" என்று பட்டியல் வாசிப்பவர்கள் ஒரு பக்கம். "அப்படியே காப்பி, புதுசா ஒண்ணுமே இல்லை" என்று சலிப்பவர்கள் மறுபக்கம். சில சமயம் ஒரே ஆள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். எத்தனை மாற்றம் என்பது எதையும் சொல்வதில்லை. ஒரு மாற்றம் எதற்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதையுமே மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும்? அந்தப் பரிசோதனையைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 1998-இல் கஸ் வான் சான்ட் 'சைக்கோ'வை வண்ணத்தில் எடுத்தார். அதே திரைக்கதை, அநேகமாக ஷாட்டுக்கு ஷாட் அதே படம், அதே இசையின் புதுப் பதிவு. சின்னச் சின்னச் சேர்க்கைகள் உண்டு. ஆனாலும் விமர்சகர்களில் பெரும்பாலோர் கைவிரித்துவிட்டார்கள். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது மட்டுமே நல்ல ரீமேக்குக்கு அடையாளம் என்றால் சினிமாவின் தலைசிறந்த ரீமேக் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது 'இன்சோம்னியா'வுக்கு வருவோம். தான் சுட்டதை மறைக்கப் போலித் தடயமாக அந்தப் போலீஸ்காரருக்கு ஒரு தோட்டா வேண்டும். நார்வே படத்தில் போலீஸ்காரர் உயிரோடு இருக்கும் நாயைச் சுடுகிறார். நோலன் படத்தில் சுடப்படுவது ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாய். கதைப்படி எந்த வித்தியாசமும் இல்லை, தோட்டா கிடைத்துவிட்டது. ஆனால் முதல் ஆளை நாம் அருவருப்போடு பார்க்கிறோம், இரண்டாவது ஆளைப் பரிதாபத்தோடு. உறுத்தலில் வாடும் ஒரு நல்லவனின் கதை நோலனுக்குத் தேவைப்பட்டது, அதனால் நாயை முன்கூட்டியே சாகவிட்டார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு படத்தையும் பற்றி ஒரு மணி நேரம் உருப்படியாகப் பேசலாம்.

'கேப் ஃபியர்' நேர் எதிர்த் திசையில் போகிறது. 1962 படத்தில், ஜெயிலிலிருந்து வந்து பழிவாங்கத் துடிப்பவன் குறிவைக்கும் வக்கீல் மாசுமறுவற்ற மனிதர். அவன் செய்த குற்றத்தைப் பார்த்துச் சாட்சி சொன்னவர், அவ்வளவுதான். 1991-இல் ஸ்கார்சேஸி எடுத்தபோது, வக்கீல், முன்பு தன் கட்சிக்காரனாக இருந்த அவனுக்கே சாதகமான ஓர் ஆவணத்தை மறைத்தவர் ஆகிவிட்டார். வில்லன் அதே வில்லன்தான். ஆனால் அவன் வாயில் இப்போது கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. பழைய படத்தில் நடித்த கிரிகரி பெக்கும் ராபர்ட் மிட்சமும் புதியதில் சின்ன வேடங்களில் வந்துபோகிறார்கள். ஹெர்மனின் பழைய இசையையும் மறுபடி பயன்படுத்தினார்கள். இசையை வைத்துக்கொண்டு நல்லவனின் நல்லதனத்தை மட்டும் கழற்றிய ரீமேக் அது.

சில மாற்றங்கள் மூலத்தைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்படுபவை. 'மணிச்சித்திரத்தாழு'வின் நாட்டியக்காரி தஞ்சாவூர்க்காரி. மலையாளம் பேசும் வீட்டில் திடீரென்று தமிழ் கேட்பதுதான் ரசிகருக்குத் தூக்கிப்போட வேண்டிய இடம். இதைத் தமிழில் எடுக்கும்போது அவள் தமிழே பேசினால் ஒன்றும் ஆகாது. அதனால் 'சந்திரமுகி'யில் அவள் தெலுங்கு பேசுகிறாள், 'ரா ரா' என்று பாடுகிறாள். இந்தியில் 'பூல் புலையா' (2007) எடுத்தபோது வங்காளி ஆனாள். மொழியை மாற்றியதால்தான் அந்தத் திடுக்கிடல் மாறாமல் இருந்தது.

அதற்காக எல்லா மாற்றத்துக்கும் சாமரம் வீச வேண்டியதில்லை. டச்சுக்காரர் ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-இல் 'ஸ்பூர்லூஸ்' என்ற படத்தை எடுத்தார். காணாமல்போன காதலியைத் தேடும் ஒருவனின் கதை. உறையவைக்கும் முடிவு. 1993-இல் ஹாலிவுட்டுக்காக அவரே அதை 'த வானிஷிங்' என்று மறுபடி எடுத்து, முடிவை மாற்றினார். ரசிகரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் முடிவு. சொந்தக் கதை, சொந்தக் கை, அப்படியும் படம் தேறவில்லை. ஏனென்றால் அந்தக் கதை முழுக்க அந்த ஒரு முடிவை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தது.

திருப்பத்தை வைத்து மட்டும் மதிப்பிடுவது

'முடிவு தெரிஞ்சிடுச்சு, அப்புறம் என்ன இருக்கு?' என்பது எல்லா த்ரில்லருக்கும் பொருந்தாது. நமக்குத் தெரியாததைச் சட்டென்று காட்டி அதிரவைப்பது ஒரு வகை. நமக்குத் தெரிந்தது பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருக்க, எப்போது தெரியுமோ என்று நகம் கடிக்கவைப்பது இன்னொரு வகை. ஹிட்ச்காக் வாழ்நாள் முழுக்க இரண்டாவதன் பக்கம் நின்று பேசினார். முதல் வகை ஒருமுறையோடு தீர்ந்துவிடும், இரண்டாவது தீராது.

ஜீத்து ஜோசப்பின் 'த்ரிஷ்யம்' (2013) பெரும்பாலும் இரண்டாவது வகை. என்ன நடந்தது, யார் செய்தது என்று நமக்கு முன்பே தெரியும். போலீஸ் கண்டுபிடிக்குமா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு விடையைத்தான் கடைசி வரைக்கும் மறைத்து வைக்கிறார்கள். அவரே தமிழில் 'பாபநாசம்' (2015) எடுத்தபோது, மலையாளத்தில் பார்த்துவிட்டு வந்தவர்களும் பதறியபடியே பார்த்தார்கள். அவர்கள் இழந்தது அந்த ஒரு விடையை மட்டும்தான். அதனால்தான் அந்தப் படத்தைப் பற்றிய சண்டை கதையை விட்டு நடிப்புக்குப் போனது. கடைசியில் மோகன்லால் உள்ளுக்குள் வைத்துக்கொண்டதைக் கமல் கண்ணீராகக் கொட்டியது சரியா என்று. ரீமேக்கைப் பற்றி அப்படிச் சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும். (நான் மோகன்லால் பக்கம்.)

'ஒரிஜினல்' என்ற சொல்லை அவசரமாகப் பயன்படுத்துவது

'புதிய பறவை'யை (1964) யாராவது மறுபடி எடுத்தால் "ஒரிஜினலைத் தொடாதீர்கள்" என்று முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படம் 1963-இல் வந்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படத்தின் தழுவல். அதற்கு முன்னால் 1958-இல் வந்த ஓர் ஆங்கிலப் படம் இருக்கிறது. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'த மால்டீஸ் ஃபால்கன்' (1941) ஒரே நாவலிலிருந்து வந்த மூன்றாவது படம். இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'கேஸ்லைட்'டுக்கும் (1944) நான்கு வருடம் முன்பே ஒரு பிரிட்டிஷ் 'கேஸ்லைட்' இருந்தது. நாம் கிளாசிக் என்று கும்பிடுவதில் சில, ஒரு காலத்தில் யாரோ முகம் சுளித்த ரீமேக்குகளாகவும் இருந்திருக்கலாம்.

வசூல், விருது, சராசரி

வெளியான வாரத்து வசூலை வைத்து வாதத்தை முடிப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 'த வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953) என்ற பிரெஞ்சு த்ரில்லரின் கதையை வில்லியம் ஃப்ரீட்கின் 1977-இல் 'சார்சரர்' என்று எடுத்தார். 'ஸ்டார் வார்ஸ்' வந்து ஒரு மாதம் கழித்து வெளியாகி மண்ணைக் கவ்வியது. இன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். விருதும் அப்படித்தான். ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) 101 நிமிடம், அதிலிருந்து ஸ்கார்சேஸி எடுத்த 'த டிபார்ட்டட்' (2006) 151 நிமிடம். பின்னது நான்கு ஆஸ்கர் வாங்கியது. கூடுதல் ஐம்பது நிமிடம் தேவையா என்ற சண்டை ஆஸ்கரோடு முடியவில்லை.

பத்துக்கு ஐந்தரை என்று சராசரி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு 'சுமாரான படம்' என்று முடிவு கட்டுவது எனக்கு இன்னும் எரிச்சலான தவறு. எல்லாரும் ஐந்தரை போட்டாலும் ஐந்தரைதான். பாதிப் பேர் ஒன்பதும் பாதிப் பேர் இரண்டும் போட்டாலும் ஐந்தரைதான். முதல் படத்தைத் தாராளமாகத் தவிர்க்கலாம். இரண்டாவதை நான் அன்றைக்கே போய்ப் பார்ப்பேன். ரசிகர்கள் இப்படிப் பிளந்து நிற்கும் படத்தில் ஏதோ ஒரு துணிச்சல் இருக்கும், அது முட்டாள்தனமான துணிச்சலாக இருந்தாலும்.

வாதத்தில் ஜெயிப்பதற்காக முடிவைச் சொல்லிவிடுவது

"பழைய படம்தானே, எல்லாருக்கும் தெரியும்" என்பது சாக்கு. ரீமேக் எடுப்பதே, கதை தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான். 'சைக்கோ' வெளியானபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று ஹிட்ச்காக் கறாராக இருந்தார். க்ளூஸோவின் 'லே டியாபோலிக்' (1955) என்ற பிரெஞ்சுப் படம், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுதிக் கேட்டுக்கொண்டு முடிகிறது. 1996-இல் அதை ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தவர்கள், பழையதைப் பார்த்தவர்களுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்றோ என்னவோ, முடிவை மாற்றிவிட்டார்கள். எப்படி மாற்றினார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.