தண்டும் குருத்தும்: ஸ்டெம் செல் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஸ்டெம் செல் பேச்சு பெரும்பாலும் சிக்கிள் செல் நோயை, அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயை, ஒட்டித்தான் எழுகிறது. இந்தியாவில் அந்நோய்க் கூறு பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று, 1952இல் இந்த மலைப் பழங்குடிகளிடம் செய்த ஆய்வு. கூடலூர்ப் பக்கம் பிள்ளைக்கு நோய் உறுதியானால், 'ஸ்டெம் செல் மாற்று' என்ற பேச்சும் வீட்டார் காதில் விழுகிறது: இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை எடுத்துப் பிள்ளைக்கு ஏற்றுவது. சொல்லில்தான் முதல் சறுக்கல்.

ஸ்டெம் என்பதைத் 'தண்டு' என்று பெயர்த்தால் கேட்பவருக்குத் தண்டுவடம்தான் நினைவுக்கு வரும். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு உறிஞ்சுவாங்களாம், கால் விளங்காமப் போயிடுமாம்" என்று, தம்பிக்கு மஜ்ஜை கொடுக்க வந்த அக்கா பின்வாங்க அது போதும். மஜ்ஜை எடுப்பது இடுப்பெலும்பின் பின்புறத்தில், மயக்க மருந்து கொடுத்து. கொடுப்பவரின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தண்டுவடம் அந்த ஊசியின் வழியிலேயே இல்லை.

ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' நல்ல சொல். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு: குருத்தெலும்பு. பெயர் ஒத்திருக்கிறதே தவிர, மூட்டில் இருக்கும் அந்த எலும்பு குருத்தணுக் களஞ்சியம் அல்ல. ஸ்டெம் செல் என்று சொல்லி முழங்கால் ஊசி விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் நல்ல வசதி.

பிரிந்து பெருகும் அணுவெல்லாம் குருத்தணு ஆகிவிடாது. தன்னைப் போன்ற அணுவையும் உண்டாக்க வேண்டும், வேறு வகை அணுவையும் உண்டாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். தேயிலைக் கொழுந்தில் இரண்டு இலை, ஒரு மொட்டு. மொட்டைப் பிரித்தால் உள்ளேயும் சுருண்ட இலைகளே. அவற்றுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத நுனி மேட்டில் இருப்பவைதான் குருத்தணுக்கள். அவை அங்கேயே தங்கி, இலையாகப் போகும் அணுக்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மஜ்ஜையிலும் இதே கதைதான். அங்கே குருத்தணுவுக்கு அடுத்த படியில் இருக்கும் முன்னோடி அணு சில சுற்று பிரிந்து தீர்ந்துவிடும். ஆகவே லேப் ரிப்போர்ட்டில் உள்ள சி.டி.34 எண்ணிக்கையை, அதாவது அந்த அடையாளப் புரதம் கொண்ட அணுக்களின் எண்ணிக்கையை, அப்படியே குருத்தணுக் கணக்காக வாசிக்கக் கூடாது; அதில் பெரும்பங்கு முன்னோடிகள்.

'எதுவாகவும் மாறும்' என்பதும் பொத்தாம்பொதுவான பேச்சு. கருவுற்ற முட்டைதான் குழந்தை, நஞ்சுக்கொடி இரண்டையும் தரும். சில நாள் கருவின் உட்புற அணுக்கள் உடலின் எல்லாத் திசுவையும் தரும். 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா எலியின் தோலணுவை நான்கு மரபணு செலுத்தித் திருப்பியது இந்த நிலைக்குத்தான். ரத்தக் குருத்தணு ரத்தத்தை மட்டும் தரும். மூளைக்கும் மூட்டுக்கும் அதை ஏற்றிப் பயனில்லை. இவ்வகையை 'அடல்ட் ஸ்டெம் செல்' என்பார்கள்; 'அடல்ட்' என்பது வயதைக் குறிக்காது, பிறந்த குழந்தையின் மஜ்ஜையில் இருப்பதும் அதே வகை.

தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் சிக்கிள் நோயுள்ள குழந்தைக்குப் பின்னால் உதவும் என்பது வீண் நம்பிக்கை. அதன் சொந்த ரத்தத்தில் அதே மரபணுதான் இருக்கிறது. உதவக்கூடியவர் கூடப்பிறந்தவர், ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. "அக்காவும் கேரியர், அதனால ஆகாது" என்று, நோயில்லாமல் சிக்கிள் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரைச் சோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில், சிக்கிள் கூறு 11இல். கேரியர் அக்காவும் கொடுக்கலாம்.