ஆர்எக்ஸ் 100 போர்ட்டிங்: காசும் என்ஜினும் வீணாகும் இடங்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இலேயே நின்றுவிட்டது. இன்று ரோட்டில் ஓடும் கடைசி வண்டிக்கே ஏறக்குறைய முப்பது வயது. போர்ட்டிங் என்பது பவருக்காக சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் வழிகளை (போர்ட்) குடைந்து மாற்றுவது. அதைச் செய்யக் கிளம்புகிறவர்கள் பலரும் வண்டியின் வயதை மறந்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே “எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் அதற்கு ஒரு தொகையைச் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்டுத்தான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் வயதாகி இறுகிப்போனால், மேக்னட் பக்கம் வழியாக வெளிக்காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடாகும். எதுவும் மாற்றாத ஸ்டாக் வண்டியில் ஐடிலிங் ஏறி இறங்குவதோடு இது போய்விடலாம். போர்ட்டிங் செய்த என்ஜினை முறுக்கி ஓட்டினால் அதே கசிவு பிஸ்டனை சிலிண்டரில் இறுகப் பிடித்து நிற்க (சீஸ்) வைத்துவிடும். பழி போர்ட்டிங் மேல் விழும், உண்மையில் கெட்டிருந்தது ஒரு ரப்பர் சீல்.

அதனால் முதல் செலவு சீலுக்கும் கிராங்க் பேரிங்குக்கும்தான். சிலிண்டரைக் கழற்றியதும் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையத்தான் வேண்டும். மேலும் கீழுமாக ‘டக்’ என்று தட்டினால் ராட் கிட் மாற்றாமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது.

ரீபோர் செய்தால், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால், பவர் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. ஆர்எக்ஸ் 100-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 மி.மீ., கொள்ளளவு 98 சிசி. ஒரு மி.மீ. ஓவர்சைஸ் போட்டாலும் 102 சிசிதான் வரும். ரீபோர் என்பது தேய்மானத்துக்கான வைத்தியம், அவ்வளவுதான். அதிலும் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பி போர் செய்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி தப்பும். போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி கூராக இருக்கும். அவற்றைச் சரித்துத் தேய்க்காவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். அவசர வேலையில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

அடுத்தது, வண்டி எங்கே ஓடப் போகிறது என்று முடிவு செய்யாமல் ஆரம்பிப்பது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் பவர் மேல் ஆர்.பி.எம்.முக்கு நகரும், கீழே இழுவை குறையும். சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் அந்த வண்டி தலைவலி. உங்களுக்கு வேண்டியது பிக்கப் மட்டும்தான் என்றால், பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டிப் பாருங்கள். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும், ஆனால் செலவு மிகக் குறைவு, பிடிக்காவிட்டால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டைத் தேர்வு செய்வதில் (ஜெட்டிங்) இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. இன்று பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை முன்பைவிட லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும். பழைய பெட்ரோல் காலத்தில் யாரோ சொன்ன மெயின் ஜெட் நம்பரை அப்படியே போடாதீர்கள். பெரிய ஜெட்டில் தொடங்கி, ப்ளக்கின் நிறம் பார்த்துப் படிப்படியாகக் கீழே வாருங்கள். என்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டில் அந்த வண்டியைத் தொடும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஆயில் இல்லாமல் ஒரு முறை டேங்க் நிரப்பி ஓட்டினால் போதும், என்ஜின் போய்விடும்.

விலை பேசும்போது ‘மொத்தமா இவ்வளவு’ என்று முடிக்காதீர்கள். பார்ட்ஸ், லேத் வேலை, கிராங்க் பிரஸ் (கிராங்கைப் பிரித்துச் சேர்க்கும் வேலை), போர்ட்டிங் கூலி, செட்டிங் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஓட்டிப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஜெட் மாற்றும் வேலையும் செட்டிங்கில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கையில் 50,000 ரூபாய் இருந்தால் 35,000-க்கு மட்டும் திட்டம் போடுங்கள். பிரித்த பிறகு தெரியவரும் தேய்மானத்துக்கு மிச்சம் வேண்டும். பிரேக் ஷூ, கேபிள், டயருக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் இது டிரம் பிரேக் வண்டி.

சட்டத்தையும் கணக்கில் சேருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்எக்ஸ் 135 என்ஜினைத் தூக்கி ஆர்எக்ஸ் 100 சேஸியில் வைத்தால் என்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் இதுதான் முதலில் கிளறப்படும். வேகம்தான் வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் கோவை கரி ஸ்பீடுவேயும் இருக்கின்றன.

டிராக்குக்கென்றே செய்பவர்கள் இன்னொரு சிலிண்டர் வாங்கி அதில் போர்ட்டிங் செய்யட்டும். குடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, ஒரிஜினல் சிலிண்டர் இப்போது சுலபத்தில் கிடைப்பதும் இல்லை. வண்டியோடு வந்ததைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.