ரப்பர் விமானம்: முதலில் சறுக்கட்டும், அப்புறம் முறுக்கலாம்

பால்சா என்ற லேசான மரத்தில், முறுக்கிய ரப்பர் அவிழும்போது புரொப்பல்லர் சுழன்று பறக்கும் பொம்மை விமானம் செய்யும் புதியவர்கள் பலரும் பசை காய்ந்த கையோடு ரப்பரை முழுசாக முறுக்கி விட்டுவிடுகிறார்கள். அது செங்குத்தாக ஏறி, தலைகுப்புற விழுந்து, மூக்கை உடைத்துக்கொள்ளும். ரப்பரை முறுக்காமல் வெறுமனே எறிந்தால் ஒழுங்காகச் சறுக்காத, அதாவது காற்றில் வழுக்கி இறங்காத விமானம் முறுக்கினாலும் பறக்காது, அதனால் இந்த விளக்கத்தில் முறுக்குவதற்கு முன்னால் சறுக்கல்தான்.

வாங்க வேண்டியவை

இறக்கைக்கு 1.5 மி.மீ பால்சா ஷீட், வாலுக்கு 1 மி.மீ ஷீட், உடம்புக்கு 10 x 6 மி.மீ குச்சி 35 செ.மீ நீளம், 15 செ.மீ பிளாஸ்டிக் புரொப்பல்லர், 3 மி.மீ அகல ரப்பர். எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும். கவரில் போடும் ரப்பர் பேண்டுகளை முடிச்சுப் போட்டு இணைப்பது வேண்டாம், முடிச்சிலேயே அறுந்துவிடும். ஒரே அளவு பால்சா ஷீட் இரண்டை எடுத்தால் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனமாக இருக்கலாம். லேசானது வாலுக்கும் இறக்கைக்கும், அழுத்தமானது குச்சிக்கு.

வெட்டி ஒட்டுவது

இறக்கை 40 x 7.5 செ.மீ. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும். புது பிளேடால் அழுத்தாமல் நாலைந்து தடவை இழுத்து வெட்டுங்கள். நடுவில் இரண்டாக்கி, சேரும் ஓரங்களைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்து, ஒரு பாதியைத் தரையோடு கனம் வைத்து, இன்னொன்றின் நுனியை 5 செ.மீ உயர்த்தி ஒட்டுங்கள். இந்த V வளைவுதான் ஒருபக்கம் சாயும் விமானத்தைத் தானாக நிமிர்த்தும். படுக்கைவால் 15 x 5 செ.மீ, நிமிர்ந்த வால் 6 x 5 செ.மீ. இரண்டையும் குச்சியின் பின்நுனியில் ஒட்டும்போது பசையை ஊசிமுனையால் வையுங்கள், வாலில் கூடுகிற ஒவ்வொரு சொட்டுக்கும் மூக்கில் அதைவிட அதிகமாகக் களிமண் அப்ப வேண்டிவரும்.

இறக்கையை மட்டும் ஒட்டாதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்விளிம்புக்கு அடியில் 2-3 மி.மீ துண்டு ஒன்றை வைத்து லேசாக உயர்த்துங்கள். 1871-ல் பாரிஸில் பிரெஞ்சுக்காரரான அல்ஃபோன்ஸ் பெனோ தன் ரப்பர் விமானத்தைச் சுமார் 11 விநாடி பறக்கவிட்டதும் இந்த ஏற்பாட்டில்தான். வாலின் கோணம் இறக்கையுடையதைவிடக் குறைவு, அதனால்தான் அது நிலைத்துப் பறந்தது.

புரொப்பல்லரை முன்நுனியில் மாட்டி, பின்னால் 23 செ.மீ தள்ளி ஒரு கொக்கியைக் குச்சியின் அடியில் நூல் சுற்றி ஒட்டுங்கள். 60 செ.மீ ரப்பரை முடிந்து வளையமாக்கி, இந்தக் கொக்கிக்கும் புரொப்பல்லரின் கொக்கிக்கும் இடையில் மாட்டினால் கொஞ்சம் தொய்ந்து கிடக்கும், அது சரிதான்.

சறுக்கிப் பார்ப்பது

இரண்டு விரலை இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ-யில் வைத்துத் தூக்குங்கள். சமமாக நிற்கும்வரை இறக்கையை நகர்த்துங்கள். இதற்கு நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளின் பட்டாலையை, அதாவது கூடத்தைப் போல வசதி வேறு இல்லை. காற்றே வராது, ஆத்தங்குடித் தரைக்கல்லின் கோடுகள் நேராக ஓடுகின்றன. ஒரு கோட்டின் மேலே தோள் உயரத்திலிருந்து மூக்கை ஓர் இம்மி தாழ்த்தி, தள்ளிவிடுவதுபோல எறியுங்கள். எந்தப் பக்கம், எத்தனை கல் விலகுகிறது என்று தரையே காட்டிவிடும். அந்தத் தரை கடினம், விழும் இடத்தில் ஜமக்காளம் விரித்துவிடுங்கள்.

மூக்கு எழும்பி, திணறி, விழுகிறதா? இறக்கையைச் சில மி.மீ பின்னே நகர்த்துங்கள். நேரே தரையில் குத்துகிறதா? முன்னே. ஒருபக்கம் கடுமையாகத் திரும்பினால் இறக்கையை முன்னாலிருந்து பாருங்கள், முறுக்கிக்கொண்டிருக்கும். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்தால் சரியாகும். நாலு எறிவு தொடர்ந்து ஒரேமாதிரி வழுக்கி இறங்கினால் இறக்கை நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

முறுக்குவது

மழை இல்லாத மாதங்களில் வற்றிக்கிடக்கும் கண்மாய்தான் மைதானம். காலை 6 மணிக்கே போங்கள், வெயில் ஏறினால் காற்றும் எழும். ஆடியில் வேண்டாம். சீமைக்கருவேலம் இல்லாத பக்கமாக நில்லுங்கள். இறக்கையில் போன் நம்பரை எழுதிவையுங்கள்.

ரப்பரில் விளக்கெண்ணெயை லேசாகத் தடவுங்கள். மெஷின் ஆயில் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். முதல் தடவை 100 சுற்று, முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில். முதலில் புரொப்பல்லரைக் கைவிட்டு, ஒரு கணம் கழித்து விமானத்தைச் சறுக்கலுக்கு எறிந்ததுபோலவே விடுங்கள்.

முறுக்கு இருக்கும்போது மூக்கு மேலே தூக்குகிறது, தீர்ந்தபின் நன்றாகச் சறுக்குகிறது என்றால் இறக்கையைத் தொடவே கூடாது. புரொப்பல்லரைக் குச்சியில் மாட்டும் பிடியின் மேல்பக்கம் தீக்குச்சியின் சிம்பு ஒன்றைச் செருகி, புரொப்பல்லரைக் கீழ்நோக்கிச் சற்றே சாய்த்துவிடுங்கள். இடப்பக்கம் சாய்ந்து சுருண்டு விழுந்தால் பிடியை வலப்பக்கம் கொஞ்சம். அப்புறம் 150, 200 என்று ஏற்றுங்கள். நண்பர் ஒருவர் புரொப்பல்லரோடு விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ரப்பரின் பின்முனையைக் கழற்றி, கொக்கி மாட்டிய ஹேண்ட் டிரில்லில் கோத்து, மூன்று மடங்கு நீட்டி, பாதிச் சுற்றுவரை அப்படியே நின்று, மீதியைச் சுற்றியபடி மெல்ல நெருங்கி வந்தால் 300-க்கு மேலும் தாங்கும்.