நடந்து நின்றதும் நாடி எவ்வளவு இறங்குகிறது? வீட்டிலேயே பார்க்கும் முறை

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து, டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் பழகிக்கொண்டது இது. நடக்க அனுமதி கிடைக்காதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

கணக்கு சின்னது. நடையை நிறுத்தும்போது உள்ள துடிப்பிலிருந்து, ஒரு நிமிடம் கழித்து உள்ள துடிப்பைக் கழிக்க வேண்டும். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கும் வேகஸ் நரம்பு, நடக்கும்போது கடிவாளத்தைத் தளர்த்துகிறது. நின்றதும் மறுபடி இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியைத்தான் அளக்கிறோம்.

1. இடம், நேரம்
பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் மாதிரி சமதளம் போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நம்மூர் வெயிலே துடிப்பைக் கூட்டிவிடும்.

2. நடை
முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. அப்புறம் டாக்டர் சொன்ன வேகம். பேச முடிய வேண்டும்.

3. எண்ணுவது
பலரும் தடுமாறுவது இங்கேதான். முழு நிமிடம் எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் துடிப்பு இறங்கிவிடும். நின்ற உடனே 15 விநாடி மட்டும் எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 28 என்றால் 112. நின்றதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். 23 என்றால் 92. இறக்கம் 20. ஒரு துடிப்பை விட்டுவிட்டால் கணக்கில் 4 மாறும், அதனால் ஒருநாள் எண்ணை நம்பாதீர்கள். இடையில் உள்ள நிமிடத்தில் நிற்பதா, உட்காருவதா என்பதும் எண்ணை மாற்றும். தினமும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

மணிக்கட்டில் இரண்டு விரல், விநாடி முள் உள்ள கடிகாரம்: என் ஓட்டு இதற்குத்தான். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர், கை கொஞ்சம் அசைந்தாலும் உளறும். காசு இருந்தால் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை வாங்கலாம்.

4. அந்த 12
இறக்கம் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து அதிகம் என்று 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனை ஆய்வு சொன்னது. ஆனால் அது டிரெட்மில் சோதனை. ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நோட்டில் எழுதி, வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

நெஞ்சு வலியோ, குளிர்ந்த வியர்வையோ, தலைசுற்றலோ வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், இறக்கம் குறைவாகவே வருகிறது என்றார். மெட்டோப்ரோலால் போடுகிறாராம். அந்த மாத்திரை துடிப்பை மேலே ஏறவே விடாது, இறங்குவதும் குறைவாகத் தெரியலாம். இதற்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. கழுத்தில் பார்க்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் அண்ணாச்சி, அங்கே அழுத்தினாலே துடிப்பு குறையும், மயக்கமும் வரலாம்.