கருமருந்து சுட்ட துப்பாக்கிக்கு முதலில் வெந்நீர்

கருமருந்து என்பது பழைய வகை வெடிமருந்து. அது நிரப்பிய தோட்டாவைச் சுட்டு முடித்ததும் பலருக்குக் கை நேராக எண்ணெய்க் குப்பிக்குத்தான் போகும். தப்பு அங்கேதான். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), மீதி கரியும் கந்தகமும். எரிந்தபின் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் குழலுக்குள் துருவைக் கிளப்பிவிடும். பெட்ரோலிய எண்ணெய் பட்டாலோ தார்போல் ஒட்டிக்கொள்ளும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அவ்வளவுதான் விஷயம்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பாருங்கள். குழலைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீர் விட்டுத் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். சூடான இரும்பு தானே சீக்கிரம் காயும். எண்ணெய் அதன் பிறகுதான். மரக்கட்டைப் பக்கம் தண்ணீர் போகவிடாதீர்கள்.

சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையும் அன்றே சோப்புத் தண்ணீரில் போடுங்கள். (அழுகிய முட்டை நாற்றம் வரும், கந்தகத்தின் வேலை.) பளபளப்புக்காக அம்மோனியா கலந்த திரவம் மட்டும் வேண்டாம், பித்தளையில் விரிசல் விடும். கறுத்த கூடு அசிங்கமாக இருந்தாலும் கெடுதல் இல்லை.