மருந்து எச்சரிக்கை எழுந்தும் பயனில்லாமல் போவது ஏன்?

1999-இல் மலேசியாவின் செலாயாங் மருத்துவமனை காகிதக் கோப்பில்லாமல் இயங்கத் தொடங்கியபோது அது பெரிய புதுமை. இன்று கோலாலம்பூரின் செந்தூலில் ஒரே ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கிலும் மருந்து எழுதினால் திரையில் எச்சரிக்கைப் பெட்டி எழுகிறது. எழுவது வேறு, பயன்படுவது வேறு.

பெரும்பாலோர் செய்யும் தவறு, மென்பொருளோடு வரும் எல்லா எச்சரிக்கையையும் அப்படியே திறந்துவிடுவதுதான். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அளவைப் பார்க்கத் தெரியாத மென்பொருள் விதியோ 10 மில்லிகிராமுக்கும் கத்தும். காலையில் நோயாளிகள் நிறைந்திருக்கும் நேரத்தில் இப்படிப் பத்துப் பெட்டி வந்தால் பதினோராவதை யார் படிப்பார்? விரல் தானாகவே ‘சரி’யை அழுத்திவிடும். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை டாக்டர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று 2006-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது.

இதன் விலை என்ன என்பதற்கு 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது சாட்சி. 160 மில்லிகிராம் கோ-டிரைமொக்சசோல் (கிருமிக்கொல்லி மருந்து) என்று எழுத நினைத்த இடத்தில், அலகுக் கட்டம் ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்று, அதாவது உடல் எடையால் பெருக்கும்படி, இருந்தது. ஒரு மாத்திரை போகவேண்டிய பதின்ம வயதுப் பையனுக்கு 38½ மாத்திரை போனது. கணினி டாக்டரையும் எச்சரித்தது, மருந்தாளரையும் எச்சரித்தது. இருவருமே கடந்து போனார்கள். பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

எனவே எச்சரிக்கைகளை மூன்று தட்டாகப் பிரியுங்கள். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியை எழுதுவது, மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் எழுதுவது போன்றவை மட்டும் வேலையை நிறுத்திக் கேட்கட்டும். நடுத்தரமானவை மருந்துப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாகத் தெரிந்தால் போதும், அழுத்த எதுவும் வேண்டாம். மிச்சத்தை மருந்தாளர் திரைக்கு அனுப்புங்கள், அல்லது மூடிவிடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிப் போடுவதும் ஆபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு கோ-டிரைமொக்சசோல் எழுதவே முடியாதபடி தடுத்த அமெரிக்க ஆய்வொன்றில், சேர்த்து எழுதுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் நான்கு நோயாளிகளுக்கு அவசியமான சிகிச்சை தாமதமானதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதன் முடிவு 2010-இல் வெளியானது. தடை போட்டால், மருந்தாளரை அழைத்துத் திறக்கும் வழியும் அதே பெட்டியில் இருக்கவேண்டும்.

அடுத்தது, அதிகம் பேசப்படாதது: விதிக்கு அடியில் கிடக்கும் தரவு. ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று குறிப்புப் பகுதியில் தட்டி வைத்தால் கணினிக்கு அது வெறும் எழுத்து. ஒவ்வாமைக் கட்டத்தில், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் பெனிசிலின் வகையான ஆக்மென்டின் எழுதும்போது பெட்டி எழும். அலகும் அப்படித்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை நம் ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு மைக்ரோமோலில் தருகின்றன. அமெரிக்க விதிகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் எழுதப்பட்டவை. அங்கே 1.5 என்பது இங்கே ஏறத்தாழ 133. விதி 1.5-ஐ எல்லையாக வைத்திருக்க, 133 உள்ளே வந்தால் எல்லா நோயாளிக்கும் மணி அடிக்கும். முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். எல்லை 133 ஆக இருந்து, வெளிநாட்டு அறிக்கையிலிருந்து யாரோ 2.5 என்று தட்டிவிட்டால் திரை அமைதியாகவே இருக்கும். அமைதியை யாரும் புகார் செய்வதில்லை.

அதே அமைதி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பட்டர்வொர்த்தில் அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரிலும், சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரையும் வாங்கும் அம்மா, முட்டிவலிக்குத் தனியார் கிளினிக்கில் டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்குவார். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடலாம். ஆனால் எந்தக் கணினிக்கும் முழுக் கதை தெரியாது. ‘வேறு எங்கே மருந்து எடுக்கிறீங்க, பையோடு கொண்டு வாங்கம்மா’ என்று கேட்பதைக் கவுண்டரிலேயே பழக்கமாக்குங்கள். சித்த மருந்து, ஜாமு என்ற மூலிகை மருந்து எல்லாம் அதில் அடங்கும்.

அளவிடுவதிலும் சறுக்குகிறோம். எத்தனை பெட்டி எழுந்தது என்ற கணக்கு எதையும் சொல்லாது. மருந்துச்சீட்டு மாறியதா என்று பாருங்கள். புதிய விதியை முதலில் இரண்டு வாரம் திரையில் காட்டாமல் பின்னணியில் ஓடவிடுங்கள். அது பிடித்தவற்றில் ஐம்பதை டாக்டரும் மருந்தாளரும் சேர்ந்து உட்கார்ந்து, சரியா தவறா என்று குறிக்கட்டும். பாதிக்கு மேல் தவறென்றால் விதியைத் திருத்தாமல் வெளியே விடாதீர்கள். தள்ளிவிட்டவர் ஏன் தள்ளினார் என்பதற்கும் ஒரு சின்னக் கட்டம் வையுங்கள். சரியான காரணத்தோடு தள்ளிவிட்டால் குற்றம் விதியின் மேல்தான்.

மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் ‘சோதனை நோயாளி’ என்ற பெயரில் வைத்திருக்கும் பொய்ப் பதிவைத் திறந்து, பெனிசிலின் ஒவ்வாமையோடு, அதே வகை மருந்தான அமொக்சிசிலின் எழுதிப் பாருங்கள். பெட்டி எழவில்லையென்றால் அன்றைய முதல் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் விற்பனையாளருக்கு ஃபோன் போடுங்கள்.